ஏழு நாடு, பதினைந்து நாள், ஓர் இடுப்பு

கேள்வி: எனக்கு 47 வயது. திருச்சியில் சொந்தத் தொழில். இருபது வருடம் புல்லட் ஓட்டிவிட்டு இப்போது ஹிமாலயன் 450 வைத்திருக்கிறேன். லடாக், வால்பாறை, கொல்லிமலை எல்லாம் போய் வந்தாயிற்று. வரும் மே மாதம் மனைவியுடன் தெற்கு ஐரோப்பாவை பைக்கில் சுற்ற ஆசை. கையில் 15 நாள். லிஸ்பனில் பைக்கை வாடகைக்கு எடுத்து ஸ்பெயின், தெற்கு பிரான்ஸ், இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா வழியாகக் கடலோரமாகவே போய், ஏதென்ஸில் வண்டியை விட்டுவிட்டு விமானம் ஏறலாம் என்று திட்டம். மொத்தம் ஏழு நாடு. வழியில் இத்தாலிய ஆல்ப்ஸில் உள்ள ஸ்டெல்வியோ கணவாயைக் கட்டாயம் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு 350 கி.மீ. எனக்குப் பெரிதில்லை. பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். எடுக்கலாமா? மனைவி சுத்த சைவம். மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், ஆனால் சமாளித்துக்கொள்வார். எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் முக்கியமான வரி எது என்று கேட்டால், ஸ்டெல்வியோவும் இல்லை, ஏழு நாடும் இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடுப்பு வரிதான். இந்தப் பயணத்தின் முழு அளவுகோலும் அந்த மூன்று மணி நேரம். அதற்குள் என்ன அடங்குகிறதோ அதைத்தான் வரைபடத்தில் குறிக்க வேண்டும். நீங்கள் வரைபடத்தை முதலில் வரைந்துவிட்டு அவரை அதற்குள் அடக்கப் பார்க்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். லிஸ்பனிலிருந்து ஏதென்ஸுக்கு நீங்கள் சொல்லும் வழியில் சாலை மார்க்கமாக 4,000 கி.மீ.க்கு மேல் வரும். ஸ்டெல்வியோவுக்கு மேலே ஏறி இறங்குவது தனி. 15 நாளில் போகவும் வரவும் விமானத்துக்கு இரண்டு நாள், வண்டி எடுக்க, திருப்பிக் கொடுக்க ஒரு நாள் போனால் மிச்சம் 12. ஒரு நாள்கூட ஓய்வெடுக்காமல் ஓட்டினாலே தினம் 350. அங்கேயுள்ள மலைச் சாலைகளில், போட்டோவுக்கு நிற்பது, காபிக்கு நிற்பது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 45, 50 கி.மீ. சராசரி வந்தாலே அதிகம். அப்படியானால் தினம் ஏழு மணி நேரம் சீட்டில். உங்களுக்குப் பெரிதில்லை, சரி. பின்னால் இருப்பவருக்கு?

ஏழு மணி நேரத்தைக் குறைக்க ஒரே வழி, எக்ஸ்பிரஸ்வேயில் ஏறுவது. ஏறிவிட்டால் நீங்கள் பார்க்க வந்த எதுவும் கண்ணில் படாது. சத்தத்தைத் தடுக்கக் கட்டிய சுவர், சுரங்கப்பாதை, சரக்கு லாரி வரிசை, சுங்கச் சாவடி, இவ்வளவுதான். நான் பதினோரு வருடமாக இந்தியாவிலிருந்து பைக் குழுக்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறேன். முதல் குழுவுக்கு நான் போட்ட திட்டமும் கிட்டத்தட்ட உங்களுடையது மாதிரிதான். நீஸிலிருந்து வெனிஸ் பக்கம் ஒரே நாளில் ஓட்டினோம். மாலை ஒரு பெட்ரோல் பங்கில் நிற்கும்போது, பின்சீட்டில் வந்த ஒரு அம்மா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, “தம்பி, காலையிலிருந்து நான் பார்த்தது என் வீட்டுக்காரர் முதுகை மட்டும்தான்” என்றார். அன்றோடு அந்த வகைத் திட்டத்தை விட்டுவிட்டேன்.

இன்னொரு சிக்கல். ஏழு நாடு என்று எழுதியிருக்கிறீர்கள், எண்ணிப் பார்த்தால் ஒன்பது. குரோஷியாவின் கடலோரத்தைப் பிடித்துத் தெற்கே போனால் கிரீஸுக்கு முன்னால் மான்டிநீக்ரோவும் அல்பேனியாவும் குறுக்கே வரும். இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதியிலும் இல்லை. குரோஷியா 2023-லிருந்து ஷெங்கனில் இருப்பதால், அதன் தெற்கு எல்லையைத் தாண்டும்போது நீங்கள் ஷெங்கனை விட்டே வெளியேறுகிறீர்கள். கையில் இருப்பது சிங்கிள் என்ட்ரி விசா என்றால் அதோடு முடிந்தது. கிரீஸுக்குள் திரும்ப நுழைய முடியாது. வாடகை பைக்கை அந்த நாடுகளுக்குள் கொண்டுபோகக் கடைக்காரரின் எழுத்துமூல அனுமதியும் அங்கேயும் செல்லும் இன்ஷூரன்ஸும் வேண்டும். பலர் தரமாட்டார்கள். லிஸ்பனில் எடுத்த வண்டியை ஏதென்ஸில் விடுவதும் லேசான காரியம் இல்லை. அந்த வண்டி திரும்ப லிஸ்பன் போய்ச் சேரும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே ஒரு விமான நிலையம், ஒரு வாடகைக் கடை, ஒரு மலைப் பிரதேசம், கிளம்பிய இடத்திலேயே வந்து முடிகிற ஒரு வட்டம். இதுதான் என் பரிந்துரை. எந்தப் பிரதேசம் என்பதை மாதம்தான் முடிவு செய்யும். நீங்கள் மே என்கிறீர்கள். அங்கேதான் ஸ்டெல்வியோ அடிபடுகிறது.

ஸ்டெல்வியோவின் உயரம் 2,757 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. அதைவிட 120 மீட்டர் மேலே, அதுவும் ஆல்ப்ஸில். 1820-களில் ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ தொனெகானி என்ற பொறியாளர் போட்ட சாலை அது. குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள். மே முதல் பாதியில் போனால் கீழே தடுப்புக் கம்பிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பலாம். ஆல்ப்ஸின் மற்ற உயரமான கணவாய்களில் பலவும் அப்படித்தான்.

கொண்டை ஊசி வளைவுக்காகத்தான் ஸ்டெல்வியோ என்றால், பிராத்தோ என்ற ஊர்ப் பக்கத்து ஏற்றத்தில் எண் போட்ட வளைவுகள் 48. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறியவர் நீங்கள், அங்கே 70. எண்ணிக்கையில் நம் ஊர்தான் ஜெயிக்கிறது! ஸ்டெல்வியோவில் மலைப்பதற்குக் காரணம் வேறு. மரங்கள் ஓர் உயரத்தோடு நின்றுவிடுவதால், ஏறி வந்த வளைவுகள் எல்லாம் ஒரே பார்வையில் சுவரில் மாட்டிய நாடா மாதிரி கீழே தெரியும். அது நிஜமாகவே பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் ஓட்ட? கோடையில் அங்கே சைக்கிள்காரர்கள், சுற்றுலாப் பேருந்துகள், கேரவன்கள், ஸ்போர்ட்ஸ் கார்கள், எல்லாமே வளைவுக்கு வளைவு மல்லுக்கட்டும். உச்சியில் தொத்திறைச்சிக் கடை வாசலில் பைக் நிறுத்த இடம் தேட வேண்டும். என்னைக் கேட்டால் டொலமைட் மலையில் இருக்கும் ஜியாவ் கணவாய் இதைவிட நல்ல சாலை. 2,236 மீட்டர்தான், ஆனால் வளைவுகளுக்கு ஒரு தாளம் உண்டு, சுற்றிலும் செங்குத்தாக நிற்கும் வெளிர் பாறைகள்.

பயணத்தைச் செப்டம்பர் முதல் பாதிக்குத் தள்ள முடியுமானால் சொல்லுங்கள். அப்போது வடக்கு இத்தாலியில் வண்டி எடுத்து, செல்லா மலையைச் சுற்றியுள்ள நான்கு கணவாய்கள், ஜியாவ், அங்கிருந்து ஸ்லோவேனியாவின் வ்ர்ஷிச் கணவாய் என்று ஒரு வட்டம் போட்டுத் தருகிறேன். வ்ர்ஷிச்சில் 50 வளைவு, எல்லாவற்றுக்கும் எண் உண்டு. கிரான்ஸ்கா கோரா என்ற ஊர்ப் பக்கத்து வளைவுகளில் கல் பதித்திருப்பார்கள். மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். முதல் உலகப் போரின்போது ரஷ்யப் போர்க்கைதிகளை வைத்துப் போட்ட சாலை அது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் புதைந்து இறந்தவர்களுக்காக உடன் இருந்த கைதிகள் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் வழியில் நிற்கிறது. அங்கே வண்டியை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நான் போவதில்லை.

மே தான் என்றால் தயங்கவே வேண்டாம், ஸ்பெயினின் தெற்கே அந்தலூசியா போங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் உள்பகுதிகளில் 40 டிகிரியைத் தொடும் ஊர். மே மாதத்தில் பகலில் இருபதுகளில் இருக்கும், மலை பச்சையாக இருக்கும், இரவு எட்டரை ஒன்பதுக்குக்கூட வெளிச்சம் இருக்கும். மாலகா விமான நிலையத்தைச் சுற்றியே பைக் வாடகைக் கடைகள் உண்டு. சின்னக் கடைகள் ஞாயிறு திறக்காது, மற்ற நாட்களிலும் பல கடைகள் மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை மூடிக் கிடக்கும். அதனால் சனிக்கிழமை மாலை போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். இறங்கிய அன்று வண்டியைத் தொடவும் வேண்டாம். தூங்குங்கள்.

முதல் நாள் அறுபது எழுபது கிலோமீட்டர் போதும். மாலகாவிலிருந்து வடக்கே ஏறினால் எல் தோர்கால் வரும். சுண்ணாம்புப் பாறைகள் தோசையை அடுக்கி வைத்த மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கும். அங்கே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, பக்கத்திலேயே அந்தெகேராவில் தங்கிவிடுங்கள். இவ்வளவு குறைவாக ஏன் என்றால், அன்றைக்கு நீங்கள் கற்க வேண்டியது சாலையின் வலப்பக்கம். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மறுநாள் அர்தாலெஸ் நீர்த்தேக்கம் வழியாக ரோண்டா. 100 கி.மீ.க்கு மேல் பெரிதாகப் போகாது. ரோண்டாவில் மூன்று இரவு தங்குங்கள். ஊரையே இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளத்தாக்கு போகிறது, அதன் மேல் கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்தில் ஒரு கல் பாலம். ‘புதிய பாலம்’ என்று பெயர், கட்டி முடித்தது 1793-ல். பகலில் பேருந்துக் கூட்டம் அலைமோதும். பேருந்துகள் கிளம்பிய பிறகு மாலையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதையில் நடந்து, கீழேயிருந்து அண்ணாந்து பாருங்கள்.

ரோண்டாவை மையமாக வைத்து இரண்டு சுற்று. ஒன்று கிரஸலேமா. ஸ்பெயினிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, அதனால்தான் அந்தலூசியாவின் நடுவில் அவ்வளவு பச்சை. கிரஸலேமாவிலிருந்து ‘புறாக்கள் கணவாய்’ என்ற பொருளில் பலோமாஸ் என்று ஒரு கணவாய். பெயர்தான் புறா, தலைக்கு மேல் வட்டமிடுவதெல்லாம் பெரிய பெரிய கழுகு மாதிரியான பிணந்தின்னிகள். அந்தப் பக்கம் இறங்கினால் வளைவுக்கு வளைவு கீழே பச்சை நீல நிறத்தில் நீர்த்தேக்கம், அதன் கரையில் ஸஹாரா என்ற வெள்ளை ஊர். இந்த இறக்கம் ஏறத்தாழ கார் ஒன்றரை அகலம்தான், அவசரப்பட வேண்டாம். திரும்பும்போது செத்தெனில் வழியாக வாருங்கள். பாறையின் அடியில், பாறையையே கூரையாக வைத்து வீடுகள். இந்தச் சுற்று மொத்தம் 120 கி.மீ. இருக்கும், பகல் முழுவதும் அதற்கே சரியாகப் போகும்.

இன்னொரு சுற்று தெற்கே கௌசின் வரை. செஸ்ட்நட் மரக் காடுகளின் ஓரமாகவே சாலை போகும். வானம் தெளிவாக இருந்தால் கௌசினிலிருந்து ஜிப்ரால்டர் பாறையும், கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காவின் மலைகளும் தெரியும். அன்று உங்கள் மனைவிக்கு ஓய்வு வேண்டுமென்றால் இதை நீங்கள் மட்டும் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். அதற்காகத்தான் மூன்று இரவு. ரோண்டாவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஏ-397 சாலையைப் பற்றியும் படித்திருப்பீர்கள். நல்ல சாலைதான். ஆனால் வார இறுதியில் உள்ளூர்ப் பையன்கள் அதைப் பந்தயத் திடலாக்கிவிடுவார்கள். போவதானால் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

ரோண்டாவிலிருந்து கிரனாடா நேராகப் போனால் 180 கி.மீ. சொச்சம். நேராகப் போகாமல் வடக்கே வளைந்து ப்ரியேகோ என்ற சிற்றூரில் ஓர் இரவு தங்கிப் போங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒலிவ மரம், வகிடெடுத்துச் சீவின மாதிரி வரிசை வரிசையாக. கிரனாடாவில் இரண்டு இரவு, பைக்கை ஹோட்டல் கார் ஷெட்டில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அல்ஹம்ப்ரா அரண்மனைக்கு டிக்கெட் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில், குறிப்பிட்ட நேரத்துக்குத் தருவார்கள். மே மாதத்துக்குப் பல வாரம் முன்பே தீர்ந்துபோகும். விசா கைக்கு வந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு சியெர்ரா நெவாடாவின் தெற்குச் சரிவில் அல்புஹாரா. எனக்கு ஸ்பெயினிலேயே பிடித்த இடம். ஒரு மலையின் தோளில் பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா என்று மூன்று ஊர் படி மாதிரி மேலே மேலே. தட்டைக் கூரை, குட்டைப் புகைபோக்கி. அரபுக் காலத்து வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது. பின்னால் தெரிவது முல்ஹாசென், 3,479 மீட்டர், ஐபீரியத் தீபகற்பத்தின் உச்சி. மே மாதத்தில் அதன் தலையில் இன்னும் பனி இருக்கும். கபிலெய்ராவில் இரண்டு இரவு. நடுவில் ஒரு நாள் த்ரெவேலெஸ் வரை மெதுவாகப் போய் வாருங்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் காபி. மூன்று மணி நேர விதிக்கு இதைவிடப் பொருத்தமான சாலையை நான் பார்த்ததில்லை.

கடைசியாகக் கடலுக்கு இறங்குவதற்கு ‘ஆட்டுச் சாலை’ என்று உள்ளூரில் அழைக்கும் ஏ-4050. கிரனாடாவுக்குத் தெற்கே ‘மூரின் பெருமூச்சு’ என்ற கணவாய்க்கு அருகில் தொடங்குகிறது. 1492-ல் கிரனாடாவை ஒப்படைத்துவிட்டுப் போன கடைசி மூர், அதாவது முஸ்லிம், சுல்தான் போப்தில் இங்கேதான் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார் என்று கதை. ஆயிரம் மீட்டருக்கு மேலிருந்து அல்முனியேகர் கடற்கரை வரை ஒரே இறக்கம். மேலே வெறும் பாறையும் காட்டு ஆடும், பாதியில் பாதாம், கீழே போகப் போக வெண்ணெய்ப்பழம், மாமரம், நம் சீத்தாப்பழத்தின் உறவுக்காரப் பழமான செரிமோயா. ஒன்றரை மணி நேரத்தில் காற்றின் வாசனையே மூன்று தடவை மாறும். அன்று இரவு நெர்ஹா பக்கம் தங்கிவிட்டு, மறுநாள் ஐம்பது அறுபது கிலோமீட்டரில் மாலகா. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். உங்கள் பழைய திட்டத்தில் கால்வாசிதான்.

இப்போது வண்டி. ஆர் 1250 ஜி.எஸ். அருமையான பைக். ஆனால் உங்கள் ஹிமாலயன் 196 கிலோ, அது 249. பக்கவாட்டில் மாட்டும் பேனியர் பெட்டிகள், பின்னால் மனைவி, பழக்கமில்லாத பக்கம், சரிவில் நிற்கும் கற்பாவிய சந்து. வண்டியைக் கீழே போடுவது ஓடும்போது நடப்பதில்லை, நிற்கும்போதும் திருப்பும்போதும்தான் நடக்கும். 650, 750 சிசி ரெட்டை சிலிண்டர் வண்டி எடுங்கள். வி-ஸ்ட்ராம் 650, ஹோண்டா என்.சி. 750 மாதிரி. நாளொன்றுக்குத் தோராயமாக 90 முதல் 140 யூரோ வரை போகும். புக் செய்வதற்கு முன் அவர் உட்காரும் சீட்டின் அகலத்தையும் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு உயரம் என்பதையும் படத்தில் பாருங்கள். முழங்கால் அதிகம் மடங்கினால் அரை மணியில் இடுப்புக்கு ஏறிவிடும். முதுகுக்குச் சாய்மானம் உள்ள பின்பெட்டி கேளுங்கள், சொற்பக் கூடுதல்தான். டெபாசிட்டுக்குக் கிரெடிட் கார்டில் ஆயிரம் யூரோவுக்கு மேல் பிடித்துவைப்பார்கள், டெபிட் கார்டு பெரும்பாலும் செல்லாது. வண்டியை வாங்கும்போது சுற்றி வீடியோ எடுங்கள், பெட்டிகளின் அடிப்பக்கம் உட்பட.

வலப்பக்கம் ஓட்டுவது பற்றி. எல்லோரும் முதல் நாளைக் கண்டு பயப்படுவார்கள். முதல் நாள் ஒன்றும் ஆகாது, அவ்வளவு கவனமாக இருப்பீர்கள். தப்பு மூன்றாம் நாள் காலையில் நடக்கும். எதிரில் ஒரு வண்டியும் இல்லாத சாலையில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, கை தானாக இடப்பக்கம் திரும்பும். எனக்கு நடந்திருக்கிறது. முன்னூறு மீட்டர் போன பிறகு எதிரே வந்த டிராக்டர்காரர் கையைத் தூக்கிக் கத்தின பிறகுதான் உறைத்தது. அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பின்னாலிருப்பவர் தோளைத் தட்டி “வலது” என்று சொல்ல வேண்டும் என்று எங்கள் குழுவில் விதி. ரவுண்டானாவில் இடமிருந்து வருகிறவருக்கு வழி விடுங்கள், ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவருக்குத்தான் முன்னுரிமை. நம் ஊர் மாதிரி மூக்கை நுழைத்தால் அவர்கள் பிரேக் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுட்பம் இருக்கிறது, நம் ஊரில் நன்றாக ஓட்டுகிறவர்களையே இது தடுமாற வைக்கும். கொல்லிமலையில் இடது வளைவுதான் இறுக்கம், வலது வளைவு அகலம். அங்கே அப்படியே தலைகீழ். வலது வளைவில் வண்டி வலப்பக்கம் சாயும், உங்கள் வலது கால் பின் பிரேக்கில் இருக்கும், ஆக்ஸிலரேட்டர் கை உடம்போடு ஒட்டி மடங்கியிருக்கும். அந்த நேரம் வண்டி ஆஃப் ஆனால் ஊன்றுவதற்கு அந்தப் பக்கம் கால் இல்லை. முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் கீழேதான் போவீர்கள். ஊரில் காலி மைதானத்தில் வலப்பக்கமாக இறுக்கமான வட்டம் ஐம்பது போட்டுப் பழகுங்கள். தென் ஸ்பெயினில் பல சாலைகள் வெயிலிலும் டயரிலும் தேய்ந்து மினுமினுவென்று இருக்கும். பல நாள் கழித்து மழை வந்தால் முதல் அரை மணி நேரம் காபிக் கடையில் உட்கார்ந்துவிடுங்கள்.

பெட்ரோல் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. ஸ்பானிய மொழியில் ‘காஸொலினா’ பெட்ரோல், ‘காஸோலெயோ’ டீசல். வார்த்தையை நம்பாமல் குழாயில் உள்ள அடையாளத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் இ5 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல்.

உங்கள் மனைவியின் சாப்பாடு. ஸ்பெயினில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடைக்கறியைத் தூவிக்கொண்டு வந்து வைப்பார்கள். பலருக்கு அது இறைச்சிக் கணக்கிலேயே வராது. காய்கறி சாலடில் சூரை மீன் இருக்கும். அதனால் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்.” பசலையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் செய்யும் ‘எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்’ நம் நாக்குக்கு உடனே ஒத்துக்கொள்ளும், சீரக வாசனையோடு இருக்கும். கத்தரிக்காயைப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். அரபுகள் கொண்டுவந்த கரும்பு அந்தக் கடற்கரையில் பல நூற்றாண்டு விளைந்தது, நெர்ஹாவுக்கு மேலே இருக்கும் ஃப்ரிஹிலியானாவில் இன்றும் பாகு காய்ச்சுகிறார்கள். காலையில் தக்காளி அரைத்துத் தடவிய டோஸ்ட், ஒலிவ எண்ணெய். உருளைக்கிழங்கு தோர்தில்லாவில் முட்டை உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், இரவு ஒன்பதுக்கு மேல்தான். ஏழு மணிக்குப் பசித்தால் பையில் இருக்கும் தட்டை முறுக்குதான் துணை.

ஜாக்கெட், பூட்ஸ், கிளவுஸ் உங்களுக்கு இருக்கும். அவருக்கு? ஜீன்ஸும் ஸ்வெட்டரும் போதும் என்று நினைக்காதீர்கள். விழுந்தால் இருவரும் ஒரே தாரில்தான் விழுவீர்கள். கடலோரத்தில் 25 டிகிரி இருக்கும் அதே நாள், ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஏறினால் பத்து டிகிரி குறையும், காற்று தனி. கழற்றி மாட்டக்கூடிய உள்லைனிங் உள்ள ஜாக்கெட், ஒரு மழைக்கோட்டு இருவருக்கும். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் போதாது, ஐரோப்பிய இ.சி.இ. முத்திரையும் வேண்டும், வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்து இருக்கும். நம் ஊரில் கிடைக்கும் சில ஹெல்மெட்டுகளிலேயே அது உண்டு.

காகித வேலை சுருக்கமாக. ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஒரு வருடம் செல்லும். அதில் மோட்டார் சைக்கிள் வகைக்கு முத்திரை விழுந்திருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். ஒரிஜினல் லைசென்ஸும் கையில் வேண்டும். ஒரே நாடு என்பதால் விசா ஸ்பெயினுக்கு, குழப்பமில்லை. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். மே மாதத்துக்குக் கூட்டம் அதிகம், சீக்கிரம் தேதி பிடியுங்கள். பயணக் காப்பீட்டில் மருத்துவச் செலவுக்குக் குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும் என்பது விசா விதி. நீங்கள் கவனிக்க வேண்டியது அடியில் பொடி எழுத்தில் இருக்கும். பெரிய சிசி இருசக்கர வாகனத்தில் அடிபட்டால் பணம் தரமாட்டோம் என்று பல பாலிசிகளில் போட்டிருப்பார்கள். அந்த வரி இல்லாத பாலிசியாக வாங்குங்கள்.

எதையும் புக் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த மாதத்திலேயே ஒரு ஞாயிறு, இருவரும் முழு ஜாக்கெட், பூட்ஸ், இன்டர்காம் மாட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து நாமக்கல் வழியாகக் கொல்லிமலை ஏறுங்கள். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். மேலே செம்மேட்டில் ஒரு டீ குடிக்கும்போது, மறுநாளும் இதே மாதிரி வரத் தயாரா என்று அவரிடம் கேளுங்கள். ‘சமாளித்துக்கொள்வார்’ என்பது உங்கள் வார்த்தை. அவர் சொன்ன வார்த்தையை எனக்கு எழுதுங்கள், அதற்கேற்ப ரோண்டாவில் மூன்று இரவா நான்கா என்று முடிவு செய்வோம்.